குருதியின் கணக்கும் இன்டர்ஃபெரானும்

குடவோலை முறையைக் கூறும் உத்திரமேரூர்க் கல்வெட்டை நாம் அறிவோம். வாரியத்துக்குத் தேர்வானவர் 360 நாள் பணியாற்றியபின் விலக வேண்டும் என்பது அதில் காணப்படும் விதிகளுள் ஒன்று. நம் குருதியிலும் இத்தகைய ஒழுங்கு உண்டு. எலும்பு மஜ்ஜையில் தோன்றும் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உழைத்து மறைகிறது. குருதித் தட்டுகளின் வாழ்நாள் 7 முதல் 10 நாள். மறைபவற்றின் அளவுக்கே புதியன பிறக்கின்றன. நாட்பட்ட மஜ்ஜைவழிக் குருதிப் புற்றுநோயில் இந்தக் கணக்குப் பிழைக்கிறது. ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் 11,000க்கு மேற்படாத வெள்ளையணுக்கள் ஓர் இலட்சத்தையும் கடக்கலாம், மண்ணீரல் வீங்குகிறது.

1960இல் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு ஆகியோர் இந்நோயாளிகளின் அணுக்களில் இயல்பினும் சிறிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். ஒன்பதாம், இருபத்திரண்டாம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டதன் விளைவே அது என்பதை ஜேனட் ரௌலி 1973இல் தெளிவாக்கினார். அந்த இணைப்பால் உருவாகும் புரதம், அணுக்களை ஓயாது பெருகத் தூண்டுகிறது.

இன்டர்ஃபெரான் நம் உடலே சுரக்கும் புரதம். வைரஸின் பெருக்கத்தில் குறுக்கிடுவதால் இப்பெயர் பெற்றது. 1957இல் கண்டறியப்பட்ட இதனை, 1980களின் தொடக்கத்தில் ஹூஸ்டனில் மோஷே தல்பாஸ் குழுவினர் இந்நோய்க்குப் பயன்படுத்தினர். இது வெறும் நஞ்சாக நின்று அணுக்களைக் கொல்வதன்று. அணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளில் பொருந்தி, உட்கருவுக்குச் செய்தி அனுப்பி, பிளவை மட்டுப்படுத்தும் மரபணுக்களைத் தூண்டுகிறது. மேலும், முதிரும்வரை மஜ்ஜையைப் பற்றியிருக்க வேண்டிய இளம் அணுக்கள் இந்நோயில் பிடி தளர்ந்து குருதியில் கலந்துவிடுகின்றன; அப்பிடியை இன்டர்ஃபெரான் ஓரளவு மீட்டுத் தருகிறது. நோயணுக்களை நோயெதிர்ப்பு அணுக்கள் அடையாளம் காணவும் துணைபுரிகிறது. இதனால் நோயாளிகளுள் சிலருக்கு மாறுபட்ட குரோமோசோமே காணாமற்போனது. அந்நாளில் இது வியப்புக்குரிய வெற்றி.

ஆயினும், இம்மருந்து நல்ல அணுவையும் நோயணுவையும் முற்றாகப் பிரித்தறிவதில்லை. இயல்பான வெள்ளையணுக்களும் குருதித் தட்டுகளும் குறையும். முன்னவை குறைந்தால் தொற்று எளிதில் பற்றும். பின்னவை குறைந்தால் குருதிக்கசிவு நேரும். ஆகவே குருதியணுக்களை அடிக்கடி எண்ணி, மருந்தளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருந்தது. காய்ச்சல், உடல்வலி, சோர்வு, மனத்தளர்ச்சி ஆகியவற்றையும் தாங்க வேண்டும். குளிர்பதனத்தில் காக்கப்படும் ஊசிமருந்தை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் செலுத்திக்கொள்வது, உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களின் உழவர் குடும்பங்களுக்கு எத்துணை அரிதென்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப் மாத்திரை, தவறான ஆணையிடும் அப்புரதத்தையே தடுத்தது. அதன் ஒரு வடிவத்துக்கு நோவார்டிஸ் நிறுவனம் கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் அம்மறுப்பை உறுதிசெய்தது. இந்திய நிறுவனங்கள் குறைந்த விலையில் அம்மாத்திரையைத் தொடர்ந்து தயாரிக்க இத்தீர்ப்பு வழிவிட்டது.

இன்டர்ஃபெரான் முழுதும் ஒதுக்கப்படவில்லை. இமாட்டினிப் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும் என்பதால், இந்நோயுற்ற கருவுற்ற பெண்களுக்குச் சிகிச்சை தேவைப்படும்போது மருத்துவர்கள் இன்றும் இன்டர்ஃபெரானை நாடுகின்றனர்.