களப்பில் சேரும் பசளை: யார் பங்கு எவ்வளவு?

பெரும்போக மழையிலே திருக்கோவில், தம்பிலுவில் வயல்களின் வடிச்சல் நீர் எங்கே போகின்றது என்பதை விவசாயிகளுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. அது களப்புக்குப் போகின்றது. முகத்துவாரம் வெட்டுண்டதும் கடலுக்குப் போகின்றது. கடன்பட்டு வாங்கிய யூரியாவில் ஒரு பகுதியும் அதனோடு போகின்றது.

யூரியாவிலுள்ள நைதரசன் நெல்லை வளர்ப்பதுபோலவே பாசியையும் வளர்க்கின்றது. பாசி செத்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறைந்துவிடும். விடியற்புறத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால், எல்லாரும் வயற்காரனையே சுட்டிக்காட்டுகின்றனர்.

கணக்குப் பார்க்காமல் முடிவெடுத்தால் என்ன நேரும் என்பதை நாடு 2021 இல் கண்டது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, பற்றைக்காடு வெட்டி மீண்டும் விதைத்த குடும்பங்களுக்கு அது மற்றுமோர் அடி.

விஞ்ஞானிகள் இப்போது நைதரசன் வரும் வழிகளை 'மாதிரி' அமைத்துக் கணிக்கின்றனர். பெயர் பெரிதாயினும் அது வரவு செலவுக் கணக்குத்தான். நாமும் சிறிதளவு போட்டுப் பார்ப்போம். ஓர் அந்தர் யூரியாவில் 23 கிலோ நைதரசன் உண்டு. ஏக்கருக்கு இரண்டு அந்தர் இட்டால் 46 கிலோ. ஒரு தொன் நெல்மணியோடு வயலை விட்டுப் போவது ஏறத்தாழ 11 கிலோ மாத்திரமே. வைக்கோலிலும் ஒரு பங்கு உண்டு. அதை எரித்தால் அதுவும் காற்றோடு போய்விடும். இட்ட பசளையில் பாதியைத்தானும் பயிர் எடுப்பதில்லை என்பதே பெரும்பாலான நெல்வயல்களின் கதை.

ஆனால் வயல் இழந்ததெல்லாம் களப்பைச் சேருவதில்லை. ஒரு பகுதி அமோனியாவாக ஆவியாகின்றது. நீர் தேங்கிய சேற்றிலே நுண்ணுயிர்கள் இன்னொரு பகுதியை வெறும் நைதரசன் வாயுவாக மாற்றிவிடுகின்றன. பசளை வீசிய மறுநாள் பெருமழை பெய்து வரம்பு வழிந்தால்தான் களப்புக்குப் பெரும்பங்கு போகும்.

இனி மணற்கரையைப் பார்ப்போம். மனிதர் ஒருவரின் மலசலத்தோடு ஆண்டுக்கு மூன்று நான்கு கிலோ நைதரசன் வெளியேறுகின்றது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் மலசலகூடக் குழி ஆண்டொன்றுக்கு ஓர் அந்தர் யூரியாவுக்குச் சற்றுக் குறைவான நைதரசனை நிலத்துக்கு விடுகின்றது என்றால் நம்புவீர்களா? ஊர்மாடு ஒன்றின் சாணமும் சலமும் ஏறத்தாழ ஓர் அந்தர். சேறு வாயுவாக்குமளவுக்கு மணல் வாயுவாக்குவதில்லை. நைத்திரேற்றாக அது கிணற்றுக்கு இறங்குகின்றது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை போல வீட்டோடு வீடு ஒட்டிய ஊர்களிலே இந்தப் பங்கு சிறியதாக இருக்கமுடியாது. யாழ்ப்பாணத்திலும் கற்பிட்டியிலும் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்தமை பல ஆண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டது. தோட்டப் பசளை, மலக்குழி இரண்டுமே யாழ்ப்பாணத்தில் குற்றவாளிகள்.

மேலிருந்து வருவதையும் மறக்கலாகாது. இங்கினியாகலையிலிருந்து வரும் கல்லோயா நீர் கரும்பும் நெல்லும் விளையும் எத்தனையோ வட்டைகளைக் கடந்துதான் கரையோரத்தை அடைகின்றது. கடைசி வாய்க்காலில் மட்டும் அளந்தால் மேலுள்ளவர்களின் பங்கும் கடைசி வயற்காரனின் தலையில் விழும். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுக்கு இத்தகைய மாதிரி அமைத்து 2008 இல் முடிவு வெளியிட்டனர். மெக்சிக்கோ வளைகுடாவுக்கு அவ்வாறு கொண்டுவரும் நைதரசனில் பாதிக்குச் சற்று மேல் சோளமும் சோயாவும் விளையும் நிலங்களிலிருந்து வந்தது. ஆனால் எல்லா நிலமும் ஒன்றல்ல. ஆழமற்ற சிற்றோடைகளில் விழுந்ததில் நல்ல பங்கு வழியிலேயே வாயுவாகிவிட, பேராற்றின் அருகே விழுந்தது கடலைச் சேர்ந்தது. தூரமும் வழியும் கணக்கில் வராத மாதிரி அரைகுறையானது என்பது எமது எண்ணம்.

2019 ஒக்டோபரில் கொழும்புப் பிரகடனம், நைதரசன் வீணாவதை 2030 இற்குள் பாதியாக்குவது என்று இலக்கு வைத்தது. அந்தப் பாதியை யார் குறைப்பது என்று பேசப்படும்போது மலக்குழி, மாட்டுப்பட்டி, மேல்வட்டை என்ற நிரல்களும் கணக்குத்தாளில் உண்டா என்று விவசாயச் சங்கங்கள் கேட்கவேண்டும்.

அதுவரை செய்யக்கூடியவை உண்டு. யூரியாவை ஒரே தடவையில் வீசாது பிரித்து இடுங்கள். இட்டபின் சில நாட்களுக்கு வக்கடையை அடைத்து வையுங்கள். மழை இருண்டு வந்தால் பொறுத்திருங்கள். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடி என்பது வழமையான விதி. மணலில் அதுவும் போதாமற் போகலாம். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று உள்ள நீரில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால்மா கரைக்கக்கூடாது. குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கமுடியாமல் உடல் நீலம்பாரிக்கும். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது; நீர் வற்ற வற்ற அது செறிவாகும். கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பவர்கள் கோடை முடிவில் ஒரு போத்தலும் மாரியின் முதற்பெருமழைக்குப் பின் ஒரு போத்தலுமாக எடுத்து, திகதியையும் குழியின் தூரத்தையும் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.