பெங்களூர் வானில் பனிக்கட்டியும் விமான என்ஜினும்

வானில் செல்லும் சிறு விமானத்தின் என்ஜின் திடீரென வலுவிழக்குமாயின், பெட்ரோல் தீர்ந்திருக்கும், அல்லது உறுப்பு ஏதேனும் முறிந்திருக்கும் என்றே நாம் எண்ணுவோம். இவ்விரண்டும் இல்லாமலும் என்ஜின் ஓய்ந்துவிடுவதுண்டு. அதற்குப் பனிக்கட்டி காரணம் என்றால், பனிக்கட்டியைக் குளிர்பானக் கடையில் மட்டுமே காணும் பெங்களூர்வாசிகள் வியப்படைவர்.

இந்நகரின் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை உருவாக்கிய ‘புஷ்பக்’ என்னும் இருவர் அமரும் விமானம் 1958-ல் முதன்முதலாகப் பறந்தது. பின்னர் நாட்டின் பல பறத்தல் கழகங்களில் பயிற்சிக்குப் பயன்பட்டது. அதன் 90 குதிரைத்திறன் என்ஜினில் பெட்ரோலைக் காற்றுடன் கலக்கக் கார்புரேட்டர் ஒன்று உண்டு. அதன் குறுகிய கழுத்தினூடே காற்று விரையும்போது அழுத்தமும் வெப்பமும் குறைகின்றன. அங்கே தெளிக்கப்படும் பெட்ரோல் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தையும் அக்காற்றிலிருந்தே கவர்ந்துகொள்கிறது. கையில் பட்ட ஸ்பிரிட்டு குளிர்வதும் இவ்வாறே. இவ்விரு காரணங்களாலும் வெப்பநிலை 20 டிகிரிக்கு மேலும் வீழ்ச்சியடையக்கூடும். ஆகவே வெளிக்காற்று 20 டிகிரி செல்சியஸில் ஈரம் மிகுந்திருந்தால், கழுத்தின் உட்புறத்தில் பனி படிந்து வழியை அடைக்கத் தொடங்கும். பெங்களூரின் மழைக்காலக் காலைப்பொழுது ஏறத்தாழ இத்தகையதே! கடுங்குளிர் நாடுகளின் உறைபனிக் காற்றில் ஈரம் மிகக் குறைவாதலால் அங்கு இவ்வபாயமும் குறைவு.

இறங்குவதற்காக விமானி என்ஜினின் வேகத்தைக் குறைக்கும் வேளையே மிக ஆபத்தானது. அப்போது காற்றுக் கதவு பெரும்பாலும் மூடியிருப்பதால் சிறிதளவு பனியும் எஞ்சிய இடைவெளியை அடைத்துவிடும். முதல் அறிகுறி, சுற்று வேகம் மெல்லக் குறைவது; பிறகு என்ஜின் அதிரும். புகைபோக்கிக் குழாயைச் சுற்றிச் சூடேறிய காற்றைக் கார்புரேட்டருக்குத் திருப்பிவிடும் பிடி ஒன்று விமானியின் அறையில் உண்டு. அதை இழுத்தவுடன், உருகிய நீர் என்ஜினுள் புகுவதால், என்ஜின் முன்னிலும் மோசமாக இருமும். இதைக் கண்டு அஞ்சிப் பிடியை மீண்டும் தள்ளிவிடுவோர் தாமே அபாயத்தைத் தேடிக்கொள்கின்றனர். தாமதிப்பதும் கூடாது, என்ஜின் நின்றபின் குழாய் விரைவில் ஆறிவிடும், உருக்குவதற்கு வெப்பம் இராது.

அந்நிலையில் மூக்கைத் தாழ்த்தி, விமானம் மிதந்து இறங்குதற்குரிய வேகத்தைக் காப்பதே முதற் கடமை. இத்தகைய விமானம் தன் உயரத்தைப்போல் ஏறக்குறைய எட்டு, ஒன்பது மடங்கு தூரம் மிதக்கும். 300 மீட்டர் உயரத்திலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர் எனலாம். கிளம்பிய சிறிது நேரத்தில் என்ஜின் நின்றால் ஓடுபாதைக்குத் திரும்ப மனம் விழையும். ஆயினும் திரும்புகையில் உயரம் விரைந்து குறையும். வேகமும் குறைந்தால் இறக்கைகள் தாங்குந்திறனை இழக்கும். எதிரே தென்படும் வெளியில் இறங்குவதே தகும். ஜக்கூர் விமான நிலையத்தைச் சுற்றி முன்பு வயல்கள் இருந்தன; இன்று வீடுகள் நெருங்கிவிட்டமையால் அத்தகைய வெளி அரிதாகிவிட்டது.

விபத்தை ஆராய வருவோர்க்கு இப்பனி ஒரு புதிராகும். அவர்கள் வந்து சேருமுன் அது உருகி மறைந்திருக்கும். என்ஜினிலும் பழுது காணப்படாது.

பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகங்களின் ‘ஹன்ஸா-என்ஜி’ விமானம் 2021 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்தது. அதன் என்ஜினில் கார்புரேட்டரே இல்லை; பெட்ரோல் நேரே பீய்ச்சப்படுகிறது. கார்புரேட்டர் உள்ள பழைய விமானங்களில் பறப்போர்க்கோ, மழைக்காலக் காலைகளில் அந்தச் சூட்டுப் பிடியே துணை.