சோதனையில் தேறிய திருகாணிகள்

பெருந்தெரு வேலைகளிற் பயன்படும் திருகாணியின் தகுதியை இழுவைச் சோதனை ஒன்றினால் மாத்திரம் நிர்ணயித்தல் போதாது என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்டன் நகரச் சுரங்கப்பாதை தக்க சான்றாகும். 2006 யூலை 10 இல் அங்கு ஏறத்தாழ 26 தொன் நிறையுடைய கொங்கிறீற்றுக் கூரைப் பகுதி காரொன்றின்மீது வீழ்ந்தது, பெண்ணொருவர் உயிரிழந்தார். கூரையைத் தாங்கிய திருகாணிகள் எப்பொக்சிப் பசையினால் மேல்தளத்திற் பொருத்தப்பட்டிருந்தன. விரைவில் இறுகும் அவ்வகைப் பசை குறுகிய நேரச் சுமையைத் தாங்கும்; இடையறாத சுமையின்கீழோ மெல்ல மெல்ல நெகிழும். எனவே, நிறுவியபோது நடத்திய குறுங்காலச் சோதனையில் அவை தேறியதில் வியப்பில்லை.

பசையின்மீது பழிசுமத்துதல் எளிது. ஆயின், அத்திட்டத்தின் பிறிதொரு பகுதியில் 1999 இலேயே திருகாணிகள் சில கீழிறங்கியமை காணப்பட்டது. மூலகாரணம் அறியப்படாமலே அவை மீளப் பொருத்தப்பட்டன! 2003 இற் பாதை திறக்கப்பட்ட பின்னரும், விபத்து நிகழும்வரை அக்கூரையின் திருகாணிகளை எவரும் முறையாகப் பரிசோதிக்கவில்லை.