மழைநீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு வேறு வழி

ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் சென்னையின் பல தெருக்களில் இது வழக்கமாக நடக்கும். முழங்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். தெருக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து, பாதாளச் சாக்கடையின் மேன்ஹோல் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்துவிடுவார்கள். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கும், தெரு வடிந்துவிடும். ஆனால் சற்று நேரத்தில், தாழ்வான அடுத்த தெருவில் தரைத்தள வீட்டுக் கழிப்பறை வழியாகக் கழிவுநீர் கொப்பளித்து மேலே வரும். முதல் தெருவில் இறங்கிய மழைநீர், வழியில் இருந்த சாக்கடை நீரையெல்லாம் தள்ளிக்கொண்டு போய் அந்த வீட்டுக்குள் சேர்த்துவிட்டது.

சென்னையில் தரைக்கு அடியில் இரண்டு தனித்தனி வலைப்பின்னல்கள் ஓடுகின்றன. ஒன்று பாதாளச் சாக்கடை. 1978-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின்படி அமைந்த சென்னைக் குடிநீர் வாரியம், அதாவது மெட்ரோ வாட்டர், இதைப் பராமரிக்கிறது. கழிப்பறை, குளியலறை, சமையலறை நீர் இதில் விழுந்து, உந்து நிலையங்களைக் கடந்து, கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. மற்றொன்று மழைநீர் வடிகால். இது மாநகராட்சியின் பொறுப்பு. 2,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. இதன் முடிவில் எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் கிடையாது. உள்ளே விழுவது எதுவானாலும் அப்படியே கூவத்துக்கோ, அடையாற்றுக்கோ, பக்கிங்காம் கால்வாய்க்கோ போய், கடைசியில் கடலில் கலக்கும்.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்பதுதான் விதி. மழைநீரைச் சாக்கடையில் விடுவது குற்றம். கழிவுநீரை வடிகாலில் விடுவதும் குற்றம். அபராதம் வசூலிக்க அரசு போட்ட கட்டுப்பாடு என்றே பலரும் இதைப் பார்க்கிறார்கள். உண்மையில் இந்த விதிக்குப் பின்னால் எளிய கணக்கும் உயிரியலும் இருக்கின்றன.

ஒரு கூரை, ஒரு மணி நேர மழை

இந்தியாவில் பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது திட்ட அளவு. அதில் சுமார் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பி வரும் என்று பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். நான்கு பேர் உள்ள வீடு என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 430 லிட்டர் கழிவுநீர். குழாயின் விட்டத்தை இந்த அளவை வைத்தே தீர்மானிக்கிறார்கள். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் குளிப்பதைக் கருதி இரண்டு, மூன்று மடங்கு கூடுதல் இடமும் விடுகிறார்கள்.

இப்போது அதே வீட்டின் மொட்டை மாடியைப் பாருங்கள். 100 சதுர மீட்டர் பரப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் விழும் நீர் 5,000 லிட்டர். அந்தக் குடும்பம் பதினொரு நாளுக்கு மேல் வெளியேற்றும் கழிவுநீரின் அளவு, ஒரே மணி நேரத்தில் இறங்குகிறது. மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாயைச் சாக்கடையில் செருகியிருந்தால், இவ்வளவும் அந்தச் சிறு குழாய்க்குள் போக வேண்டும். ஒரு தெருவில் பத்து வீடுகள் இப்படிச் செய்திருந்தாலே குழாய் நிரம்பி வழியும். உந்து நிலையத்தின் மோட்டார்கள் திணறும். சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் வெள்ளத்தோடு அடித்துச் செல்லப்படும்.

சென்னை தட்டையான ஊர். சாக்கடை நீர் சரிவில் தானாக ஓட வேண்டும், நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் கசடு அடியில் தங்காது. இவ்வளவு சமதளமான நிலத்தில் அந்தச் சரிவைக் கொடுப்பதற்காகக் குழாயை ஆழமாக்கிக்கொண்டே போய், பிறகு உந்து நிலையம் வைத்து மேலே ஏற்றுகிறார்கள். இத்தனை நுட்பமாக அமைந்த ஏற்பாட்டில் கூடுதல் நீருக்கு இடமே இல்லை.

அப்படியானால் மாடி நீரை எங்கே விடுவது? அதற்கும் விதி உண்டு. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். 100 சதுர மீட்டர் மாடியில் ஓராண்டில் விழுவது 1.4 லட்சம் லிட்டர். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் நகரம் சாக்கடையில் விடக்கூடிய நீரா இது?

வடிகாலில் இறங்கும் கழிவுநீர்

எதிர்த்திசைத் தவறு இதைவிடக் கொடியது. செப்டிக் டேங்க் நிரம்பி வழியும் நீரையோ, கழிப்பறைக் குழாயையோ இரவோடு இரவாக மழைநீர் வடிகாலில் இணைத்துவிடுகிறார்கள்.

ஆற்றில் என்ன ஆகிறது என்பதை ஒரே அளவீட்டில் புரிந்துகொள்ளலாம். கழிவில் உள்ள கரிமப் பொருளைச் சிதைக்க பாக்டீரியாக்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதை 'பிஓடி' என்ற எண் சொல்கிறது. சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீருக்கு இது லிட்டருக்கு 250 மில்லிகிராம் அளவில் இருக்கும். நம் ஊர் வெப்பநிலையில் சுத்தமான நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜனோ லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான். ஒரு லிட்டர் கழிவுநீர், முப்பதுக்கும் மேற்பட்ட லிட்டர் ஆற்று நீரின் ஆக்சிஜனை முழுவதுமாகக் குடித்துவிடும். மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் கூவத்தில் அவ்வளவு நல்ல நீர் ஏது? மீன்கள் மூச்சுத்திணறிச் செத்துப்போகின்றன. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் பெருகி நாற்றத்தைப் பரப்புகின்றன.

வடிகால் ஓரத்தில் குடியிருப்பவர்களுக்குத் தொல்லை கொசு வடிவில் வருகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்குப் பிடித்தது தேங்கிய கழிவுநீர். மழை இல்லாத மாதங்களில் வறண்டு கிடக்க வேண்டிய வடிகாலில் ஆண்டு முழுவதும் கழிவுநீர் நின்றால், தெருவுக்குத் தெரு கியூலெக்ஸ் பண்ணை நடத்துகிறோம் என்று பொருள். மருந்து அடித்து இதை ஒழிக்க முடியாது; இணைப்பைத் துண்டித்தால்தான் ஒழியும்.

சாக்கடையில் எதை விடலாம்?

பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறது என்பதற்காக எதை வேண்டுமானாலும் அதில் கொட்டலாம் என்பதில்லை. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், ஆலைகளும் நிறுவனங்களும் பொதுச் சாக்கடையில் விடும் நீருக்குத் தெளிவான அளவுகள் வைத்திருக்கின்றன. பிஓடி லிட்டருக்கு 350 மில்லிகிராம் வரை; மிதக்கும் திடப்பொருள் 600 மில்லிகிராம் வரை; எண்ணெய், கொழுப்பு 20 மில்லிகிராம் வரை; அமிலகாரத் தன்மை 5.5-இலிருந்து 9-க்குள். பாதரசத்துக்கு வரம்பு 0.01 மில்லிகிராம்.

ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் உண்டு. அமிலம் கூடினால் கான்கிரீட் அரித்துப்போகும். பாதரசம், குரோமியம் போன்ற உலோகங்கள் சுத்திகரிப்பு நிலையத்தின் பாக்டீரியாக்களைக் கொல்லும். 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் அறிமுகப்படுத்திய உயிர்க்கசடு முறைதான் இன்றும் உலகெங்கும் முதன்மையானது. அந்த முறையில் உழைப்பவை நுண்ணுயிர்களே. அவற்றுக்கு நஞ்சு வைத்தால் நிலையமே படுத்துவிடும்.

எண்ணெயின் வரம்பை மட்டும் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். பஜ்ஜி, பூரி சுட்ட எண்ணெயில் ஒரு லிட்டரை ஓர் உணவகம் சிங்க்கில் ஊற்றினால், அதை 20 மில்லிகிராம் அளவுக்கு நீர்க்கச் செய்ய 46,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். சுடுநீரோடு ஊற்றினால் கரைந்துவிடும் என்று நினைப்பது தவறு. சில அடி தூரத்தில் குளிர்ந்து குழாயில் படிந்துவிடும். அதன் கொழுப்பமிலங்கள் நீரிலும் கான்கிரீட்டிலும் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து கடினமான சோப்புப் பாறையாக மாறுகின்றன என்பதை அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 2017-இல் லண்டனின் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் அப்படி உருவான கொழுப்புப் பாறை 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்டிருந்தது. அதன் உடலாக இருந்தவை சமையல் கொழுப்பும், கழிப்பறையில் போட்ட ஈரத் துடைப்புத் தாள்களும். பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் தயாரிக்கும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இலேயே தொடங்கிவிட்டது. ஆகவே உணவகங்கள் எண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற எந்தச் சாக்கும் இல்லை.

அடைப்பு எடுக்கும் உயிர்

நாப்கின், டயபர், துணி, எண்ணெய்க் கட்டி என்று சேர்ந்து அடைத்துக்கொண்ட குழாயில் நீர் தேங்குகிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும் ஒருவகை பாக்டீரியா நீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகிறது. காற்றைவிடக் கனமான இந்த வாயு குழிக்குள்ளேயே தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வரும். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். எச்சரிக்கை நின்றுபோகும் அந்த இடத்திலிருந்துதான் ஆபத்து தொடங்குகிறது. இன்னும் சில மடங்கு கூடினால், இறங்கியவர் சில நிமிடங்களில் மயங்கிச் சாய்வார். காப்பாற்ற இறங்குபவரும் அவரோடு சாய்வார்.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆனாலும் சாவுகள் நிற்கவில்லை. நாம் கழிப்பறையில் போட்டு ஃப்ளஷ் செய்யும் ஒவ்வொரு துணியும், யாரோ ஒருவரை அந்தக் குழிக்கு அழைக்கிறது. சாதியின் பெயரால் இந்த வேலைக்குத் தள்ளப்பட்டவர்கள்தான் தலைமுறை தலைமுறையாக அந்த விலையைக் கொடுத்துவருகிறார்கள்.

திருட்டு இணைப்பைப் பிடிக்கும் அறிவியல்

அமெரிக்காவில் தூய நீர்ச் சட்டம் 1972-இல் வந்தபோது ஆலைக் கழிவுகளே முதல் இலக்காக இருந்தன. தெருவில் ஓடும் மழைநீரும் மாசைச் சுமக்கிறது என்பது தெளிவானதும், 1987-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். இன்று அங்குள்ள நகரங்கள் தங்கள் மழைநீர் வடிகாலுக்கே அனுமதி பெற வேண்டும். மழை தவிர வேறு எதுவும் அதில் விழாமல் பார்த்துக்கொள்ள உள்ளூர் விதிகள் இயற்ற வேண்டும். வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயில், பெயிண்ட், கான்கிரீட் கலவை கழுவிய நீர் ஆகியவற்றை வடிகாலில் ஊற்றினால் அபராதம்.

விதியை மீறுபவரைக் கண்டுபிடிக்க எளிய வழிகள் இருக்கின்றன. சாக்கடைக்குள் தீங்கற்ற புகையை ஊதுவார்கள். மாடி மழைநீர்க் குழாய் வழியே புகை வந்தால் அந்த வீடு மாட்டிக்கொண்டது. கழிப்பறையில் சாயம் ஊற்றிவிட்டு வடிகாலில் காத்திருப்பார்கள். நீர் நிறம் மாறி வந்தால் இணைப்பு உறுதி. சலவைத் தூளில் துணியைப் பளிச்சிடச் செய்யும் ஒரு பொருள் உண்டு. வடிகாலில் சில நாள் பஞ்சைக் கட்டி வைத்து, எடுத்துப் புற ஊதா ஒளியில் பார்க்கும்போது அது ஒளிர்ந்தால் வீட்டுக் கழிவுநீர் கலக்கிறது என்று அறியலாம். செலவு குறைந்த இந்தச் சோதனைகளை வார்டு வாரியாக நம் மாநகராட்சிகளும் நடத்தலாம்.

கழிவுநீர் கலக்காத மழைநீரும்கூட முழுச் சுத்தமில்லை. கோடை முழுவதும் சாலையில் படிந்த எண்ணெய், பிரேக் தேய்ந்த செம்புத் துகள், டயர்த் தூள் எல்லாவற்றையும் முதல் மழை வாரிக்கொண்டு போகிறது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதி ஓடைகளில் மழைக்குப் பிறகு கோஹோ சால்மன் மீன்கள் செத்துக்கொண்டிருந்த காரணம் 2020-இல் தெரியவந்தது: டயரில் வெடிப்பு விழாமல் காக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் ஓசோனுடன் வினைபுரிந்து நஞ்சாக மாறுகிறது. மழைக்கு முன் தெருவைக் கூட்டுவதும், வடிகால் வாயில் வண்டல் வடிகட்டும் தொட்டி வைப்பதும் ஆற்றுக்குச் செய்யும் மருத்துவம்.

சட்டம் மட்டும் போதுமா?

குற்றத்தை மக்கள் மேல் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. 2011-இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. புதிதாகச் சேர்ந்த பல பகுதிகளுக்குப் பாதாளச் சாக்கடை உடனே வரவில்லை. செப்டிக் டேங்க் லாரிக்கு மாதாமாதம் பணம் கொடுக்க முடியாத குடும்பம், வாசலில் புதிதாகக் கட்டிய மழைநீர் வடிகாலைப் பார்த்தால் என்ன செய்யும்? சாக்கடைக்கு முன்னால் வடிகாலைக் கட்டுவது தவறுக்கு நாமே வழி திறந்துவிடுவதாகும்.

ஆலந்தூர் இதற்கு மாற்று காட்டியது. தனி நகராட்சியாக இருந்தபோது, 1990-களின் இறுதியில் தொடங்கிய பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு அங்கே வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகையாக மக்களே முன்வந்து கட்டினார்கள். திட்டம் என்ன, தங்களுக்கு என்ன பயன் என்பதை எடுத்துச் சொன்னபோது அவர்கள் மறுக்கவில்லை. இணைப்புக் கொடுத்த பிறகு விதியைக் கடுமையாக நடைமுறைப்படுத்துவது அரசின் உரிமை. இணைப்பே கொடுக்காமல் அபராதம் மட்டும் போடுவது அநீதி.

முறையாகச் சேர்ந்த கழிவுநீர் வீணாவதும் இல்லை. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் உள்ள மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு நிலையங்கள், நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் நீரை ஆலைகளுக்கு வழங்கும் திறன் கொண்டவை. அந்த அளவுக்கு ஏரி நீர் குடிப்பதற்கு மிஞ்சுகிறது. வடிகாலில் திருட்டுத்தனமாக விடும் ஒவ்வொரு லிட்டரும் இந்தக் கணக்கிலிருந்து கழிந்து, ஆற்றின் நஞ்சுக் கணக்கில் சேர்கிறது.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் உங்கள் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். மாடி நீர் எந்தக் குழாயில் இறங்குகிறது, கழிப்பறை நீர் எதில் சேர்கிறது என்பதைப் பிளம்பரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தவறாக இருந்தால் திருத்துங்கள். தெருவில் தண்ணீர் தேங்கினால் மேன்ஹோலைத் திறக்காமல், மாநகராட்சியின் 1913 என்ற எண்ணை அழையுங்கள். உங்கள் தெருவுக்குச் சாக்கடை இணைப்பு இன்னும் வரவில்லையென்றால், கவுன்சிலரிடம் சேர்ந்து போய்க் கேளுங்கள். கூவத்தைச் சுத்தம் செய்யும் வேலை ஒவ்வொரு வீட்டின் குழாயிலிருந்துதான் தொடங்குகிறது.