பச்சைப்பாறைப் பட்டைகளில் நிக்கல் தேடல்

உயர்ந்த ரக எவர்சில்வரில் ஏறக்குறைய 8 சதவீதம் நிக்கல் கலந்துள்ளது. மின்கலங்களுக்கும், கடும் வெப்பத்தைத் தாங்க வேண்டிய எந்திர உறுப்புகளுக்கும் இவ்வுலோகம் வேண்டப்படுகிறது. ஆயினும் நம் நாடு தனக்கு வேண்டிய நிக்கலுக்குப் பெரிதும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் நிக்கலும் இடம்பெற்றது. எனவே அதைத் தேடும் முறையைக் களப்பணியாளரும் ஆசிரியரும் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

பெங்களூர் லால்பாக்கில் உள்ள பாறைக்குன்று, தீபகற்ப நைஸ் எனப்படும் பாறையால் ஆனது. அதன் வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள். இத்தகைய பாறைகளுக்கு இடையே, கிழக்கில் கோலாரிலும், மேற்கில் ஹாசன் மாவட்டத்து நுக்கிஹள்ளி, ஹொளேநரசிபுரம் ஆகிய இடங்களிலும், வடமேற்கில் சித்திரதுர்க்கத்திலும் கரும்பச்சைப் பாறைகள் நீண்ட பட்டைகளாக அமைந்துள்ளன. பண்டை எரிமலைக் குழம்பும் நீரடிப் படிவுகளும் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் உருமாறி, குளோரைட்டு முதலிய பச்சைநிறக் கனிமங்களைப் பெற்றமையால் இவை பச்சைப்பாறைப் பட்டைகள் எனப்படுகின்றன. 1894-இல் தொடங்கப்பட்ட மைசூர் நிலவியல் இலாகாவின் முதல் தலைவரான ராபர்ட் புரூஸ் ஃபூட், இவற்றுள் பலவற்றைத் தார்வார் பாறைகள் என வகுத்தவர் ஆவார்.

இப்பட்டைகள் சிலவற்றில் கொமாட்டியைட்டு என்னும் எரிமலைப் பாறை உண்டு. தென்னாப்பிரிக்காவின் கொமாட்டி ஆற்றை ஒட்டி 1969-இல் இதற்குப் பெயரிடப்பட்டது. இதனை உண்டாக்கிய குழம்பு ஏறக்குறைய 1,600 பாகை சென்டிகிரேடு வெப்பமுடையது. அது ஓடும் வழியில் கந்தகம் மிகுந்த படிவுகளை உருக்கி உட்கொள்ளுமாயின், சல்பைடு துளிகள் எண்ணெயும் நீரும் போலத் தனியே பிரிகின்றன. அத்துளிகள் குழம்பிலுள்ள நிக்கலை ஈர்த்துக்கொண்டு, தம் எடையால் ஓடையின் அடித்தளத்தில் தங்குகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் கம்பால்டாவில் 1966-இல் துளையிட்டுக் கண்ட தாது இவ்வாறு தோன்றியதே.

இங்கு ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். பாறையில் நிக்கல் இருப்பது வேறு. நிக்கல் தாது இருப்பது வேறு. கந்தகம் கலவாத கொமாட்டியைட்டிலும், அதனை ஒத்த பாறைகளிலும்கூட 0.2 சதவீத அளவில் நிக்கல் காணப்படலாம். அது ஒலிவின் முதலிய சிலிகேட்டுக் கனிமங்களுள் சிறைப்பட்டிருப்பதால், அதனைப் பிரித்தெடுத்தல் இலாபகரமன்று. பெண்ட்லண்டைட்டு என்னும் சல்பைடு கனிமத்திலோ மூன்றில் ஒரு பங்கு நிக்கலே ஆகும். முந்தையதைப் பிந்தையதாகக் கருதித் துளையிடத் தொடங்கினால் பெரும்பொருள் வீணாகும்.

இவ்விரண்டையும் வேறுபடுத்த உதவும் குறிகள் சில உள. மண்ணில் நிக்கலுடன் குரோமியமும் மிகுந்து, செம்பு குறைந்திருப்பின், அது பெரும்பாலும் பாறை சிதைந்து உண்டான மண்ணே. நிக்கலுடன் செம்பும் சேர்ந்து உயர்ந்திருப்பின், அடியில் சல்பைடு இருத்தல் கூடும். சல்பைடு சிதைந்த இடத்தின் மேல், துளைகள் மலிந்த பழுப்புநிற இரும்புத்துருப் பாறை மூடியாக நிற்கும். சுரங்கத்தார் இதனைக் காசன் என்பர். சாதாரணச் செம்புறைக்கல்லும் பார்வைக்கு இதுபோலவே தோன்றுவதால், இரசாயனச் சோதனை இன்றியமையாதது. செறிந்த சல்பைடு மின்சாரத்தை எளிதிற் கடத்துமாதலின் மின்காந்தக் கருவிகளும் பயன்படும்; ஆனால் கிராஃபைட்டுப் பாறையும் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே பல குறிகள் ஓரிடத்திற் பொருந்திய பின்னரே துளையிடுதல் முறை.

நுக்கிஹள்ளிப் பட்டையிலுள்ள பைராபுரத்தில் குரோமைட்டு வெட்டப்பட்டுள்ளது. சித்திரதுர்க்கத்தை அடுத்த இங்கல்தாளில் செம்புச் சல்பைடு கிடைத்துள்ளது. ஆயினும் கம்பால்டாவுக்கு ஈடான நிக்கல் படிவம் இப்பட்டைகளில் காணப்படவில்லை. வெப்பம் மிக்க குழம்பும் கந்தகப் படிவும் எங்கேனும் சந்தித்தனவா என்பதே ஆராய்ச்சிக்குரிய வினா. ஆதலின் களப்பணியாளர் நிக்கலை மட்டும் அளந்து அமையாது, செம்பு, குரோமியம், கந்தகம் ஆகியவற்றையும் உடன் அளந்து, மாதிரி எடுத்த இடத்தையும் அடுத்துள்ள பாறையையும் தவறாது குறித்தல் வேண்டும். குறிப்பில்லாத கல், எத்துணைச் சிறந்ததாயினும், தேடலுக்கு உதவாது.