மெல்லிய கோடு சொன்ன உண்மை

கண்ணாடிக் குழாயில் ஹைட்ரஜன் வாயுவை அடைத்து மின்சாரம் செலுத்தினால் அது ஒளிரும். அந்த ஒளியை முப்பட்டகத்தின் வழியே பார்த்தால் வானவில்லைப் போன்ற தொடர்ச்சியான நிறங்கள் தோன்றா. சிவப்பு, நீலப்பச்சை, ஊதா எனத் தனித்தனிக் கோடுகளே தோன்றும். இவை நிறமாலைக் கோடுகள் எனப்படும். கைரேகை மனிதரை அடையாளம் காட்டுவதுபோல் இக்கோடுகள் தனிமத்தை அடையாளம் காட்டுகின்றன.

அணுவிலுள்ள எலெக்ட்ரான் உயர்ந்த ஆற்றல் நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கு இறங்கும்போது ஒளி வெளிப்படுகிறது. எந்த அளவு ஆற்றல் வெளிப்படுகிறதோ, அதற்கேற்ப ஒளியின் அலைநீளம் அமைகிறது.

ஒரே தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே நிறை உடையவை அல்ல. நிறையில் மட்டும் வேறுபடும் இத்தகைய அணு வகைகளுக்கு ஐசோடோப்புகள் என்று பெயர். சாதாரண ஹைட்ரஜனின் கருவில் ஒரு புரோட்டான் மட்டுமே உள்ளது. டியூட்டிரியம் என்னும் ஐசோடோப்பின் கருவில் ஒரு நியூட்ரானும் சேர்ந்திருப்பதால் அதன் நிறை ஏறத்தாழ இரு மடங்காகும்.

கருவின் நிறை ஒளியின் கோட்டை எவ்வாறு மாற்றும்? தந்தை ஒருவர் தம் குழந்தையின் கைகளைப் பிடித்துச் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். குழந்தை பெரிய வட்டத்தில் சுற்றும். தந்தையும் சற்றே அசைந்தாடுவார். அவர் இன்னும் எடை கூடியவராக இருந்தால் அந்த அசைவு குறையும். கருவும் அப்படித்தான். புரோட்டானின் நிறை எலெக்ட்ரானைப்போல் ஏறத்தாழ 1,836 மடங்கு. ஆயினும் அது முற்றிலும் அசையாமல் இருப்பதில்லை. டியூட்டிரியத்தின் கரு அதனினும் குறைவாக அசைகிறது. இதனால் ஆற்றல் நிலைகள் மிகச் சிறிதளவு மாறுகின்றன. ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு 656.28 நானோமீட்டரில் அமைய, டியூட்டிரியத்தின் கோடு 656.10 நானோமீட்டரில் அமைகிறது.

இந்தச் சிறு விலகலைத்தான் 1931ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலாளர் ஹெரால்டு யூரி தேடினார். கோடு எங்கே தோன்ற வேண்டும் என்பதை முன்னரே கணக்கிட்டார். அவரும் ஜார்ஜ் மர்பியும் எடுத்த படங்களில், கணக்கிட்ட இடத்தில் மங்கலான கோடு தெரிந்தது. ஆனால், கருவியின் குறையாலும் போலிக் கோடுகள் தோன்றக்கூடும். ஆகவே, யூரி அவசரப்பட்டு அறிவிக்கவில்லை. ஃபெர்டினாண்ட் பிரிக்வெட், திரவ ஹைட்ரஜனை மெல்ல ஆவியாக்கி, எஞ்சியதை அனுப்பி வைத்தார். எடை மிகுந்த வகை மெதுவாகவே ஆவியாகும். ஆதலால் எஞ்சியதில் அதன் பங்கு கூடியிருக்க வேண்டும். எதிர்பார்த்தபடியே மங்கலான கோடு வலுப்பெற்றது. போலிக் கோடாக இருந்தால் அது அவ்வாறு வலுப்பெற்றிருக்காது. ஐயம் நீங்கியது. டியூட்டிரியத்தைக் கண்டுபிடித்ததற்காக 1934ஆம் ஆண்டு யூரிக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கடல்நீரில் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றே டியூட்டிரியம். அத்துணை அரிய பொருளையும் ஒரு மெல்லிய கோடு காட்டிக் கொடுத்தது. இன்று வானியலாளர்கள் தொலைதூர வாயு மேகங்களிலும் இதே விலகலைக் கொண்டு டியூட்டிரியத்தை அளக்கின்றனர். சிறிய வேறுபாடு என்று ஒதுக்காமல், அது மெய்யா பொய்யா எனச் சோதித்துப் பார்ப்பதே அறிவியலின் வழி.