பாய் தப்பும், வீடு தப்புமா?

யாழ்ப்பாணத்தில் ஒருவர் கடனில் மூழ்கினால் ஊர் முதலில் விசாரிப்பது, "வீடு ஆரின்ர பேரில?" என்பதைத்தான். சட்டமும் ஏறக்குறைய அதையே கேட்கிறது.

வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று 2022 ஏப்ரலில் அரசு அறிவித்தபோது ‘வங்குரோத்து’ என்ற சொல் சந்திக்குச் சந்தி அடிபட்டது. நொடித்துப்போன தனிமனிதருக்கோ இலங்கையில் 1853 முதலே கட்டளைச் சட்டம் உண்டு. ஆனால் சாதாரணக் கடன்காரர் எதிர்கொள்வது வழக்கு, தீர்ப்பு, பிஸ்கால் என்ற வரிசையைத்தான். தீர்ப்பை நிறைவேற்ற வரும் அலுவலரான பிஸ்காலும் எல்லாவற்றையும் அள்ளிச் செல்ல முடியாது. 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை அவசியமான உடுபுடவை, படுக்கை, தொழில் கருவிகள் ஆகியவற்றை விட்டுவைக்கிறது. கமக்காரராயின் கலப்பையும், பிழைப்புக்குத் தேவையென நீதிமன்றம் கருதும் மாடும் விதைநெல்லும் தப்பும். வெங்காயத் தோட்டத்தின் இறைப்பு இயந்திரம் இந்தக் கணக்கில் சேருமா என்பது வழக்கறிஞர்களுக்கு நல்ல தீனி.

வீட்டுக்கான காப்பு ஒன்று யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் இருக்கிறது. ஒல்லாந்தருக்காகக் கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்த அந்த வழமை சொத்தை முதுசம் (வழிவழி வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடியது) என்று பிரிக்கிறது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் இன்னொரு படி சென்றது: மனைவிக்குத் தனியே உரிய சொத்து கணவரின் கடனுக்குப் பொறுப்பாகாது. கணவரின் கடை மூழ்கினாலும் சீதன வளவு நிற்கும். அந்தக் காணியின் பயிர்ச்செய்கை, திருத்தம், வரி ஆகியவற்றுக்காகவே பட்ட கடன் மட்டும் விலக்கு.

அமெரிக்காவின் டெக்சாசில் குடியிருக்கும் வீட்டைக் காப்பதற்கு விலை வரம்பே கிடையாது. ஆனால் அங்கும் வீட்டை வாங்க எடுத்த கடன் உள்ளே புகுந்துவிடும். இங்கே புகும் வாசல் மனைவியின் கையொப்பம். ஈட்டு உறுதியில் அவர் ஒப்பமிட்டால் சீதனக் காப்பு அதோடு போயிற்று. வேடிக்கை என்னவென்றால், தன் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ அவருக்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சம்மதிப்பவர் அதே கணவர் என்பதால், அவரின் கடனுக்காக அதை இழக்க அந்தத் தடை குறுக்கே நிற்பதில்லை. 1990 ஆம் ஆண்டின் வங்கிக் கடன் அறவீட்டுச் சட்டப்படி, ஈட்டுச் சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கி ஏலம் விடலாம். சிறு, நடுத்தரத் தொழில்முயற்சியாளர்களின் எதிர்ப்புக்குப் பின் 2024 இல் இந்த அதிகாரம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது.

நுண்கடனுக்கு உறுதியும் வேண்டாம், நொத்தாரிசும் வேண்டாம். அயலிலுள்ள பெண்களே ஒருவருக்கொருவர் பிணை. தவணை நாளில் குழு முற்றத்தில் காத்திருக்க, தாலிக்கொடி அடகுகடைக்குப் போகிறது. அதற்குப் பிஸ்கால் வரவேண்டியதில்லை.